பழைய ஆல்டோ சாக்ஸபோன்: கேட்டு, சோதித்து, மீட்டெடுத்து வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஆல்டோ சாக்ஸபோன் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். பாரிஸின் செல்மர் நிறுவனம் செய்த மார்க் 6 வேண்டும், அதுவும் ஐந்து இலக்க வரிசை எண் கொண்டதாக வேண்டும் என்று தேடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் குரல், அடுத்து கருவியின் உடல்நிலை, அதற்கடுத்து மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதி. பெயர் நான்காவதாக வந்தால் போதும். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால், புகழ்பெற்ற மாதிரியின் விலையில் சிறு பங்குக்கே வாழ்நாள் முழுவதும் துணை வரும் கருவி கிடைக்கும்.

இங்கே பழையது என்று நான் சொல்வது ஏறக்குறைய 1920 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை செய்யப்பட்ட கருவிகளை. அதற்கு முந்தையவை அழகானவை, ஆனால் அன்றாட வாசிப்புக்கு விசைகள் போதாது.

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது

பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை பெற்றார். ஒற்றை ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) கொண்ட மவுத்பீஸை, போகப்போக விரியும் கூம்புக் குழாயோடு இணைத்ததுதான் அவருடைய கண்டுபிடிப்பின் சாரம். குழாய் கூம்பாக இருப்பதால், ஸ்தாயி விசையை அழுத்தினால் அதே விரலமைப்பில் சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகிறது. உருளைக் குழாய் கொண்ட கிளாரினெட் அப்படிப் போவதில்லை. அது பன்னிரண்டாம் ஸ்வரத்துக்குத் தாவும்.

அந்தக் கூம்பு எவ்வளவு வேகமாக விரிகிறது, கழுத்து எவ்வளவு அகலம், அடியில் வளையும் பகுதியின் கொள்ளளவு என்ன, துளைகள் எங்கே எந்த அளவில் இருக்கின்றன என்பவைதான் ஒரு கருவியின் குரலைத் தீர்மானிக்கின்றன. 1920, 30-களின் அமெரிக்கக் கருவிகள், உட்புறம் உருண்டையாகக் குடைந்த பெரிய அறை கொண்ட மவுத்பீஸை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் நாதம் அகன்று, சுற்றிலும் பரவி ஒலிக்கும். அடி ஸ்வரங்களில் சதைப்பிடிப்பு இருக்கும், உச்சியில் கூர்மை குறைவாக இருக்கும். பிற்காலத்து இசைக்குழுக்களில் மின்கிட்டாரும் ஒலிபெருக்கியும் வந்தபின், அவற்றைத் துளைத்துக்கொண்டு கேட்கும் ஒளிர்ந்த, குவிந்த ஒலி தேவைப்பட்டது. கருவிகளும் மவுத்பீஸ்களும் அந்தத் திசையில் நகர்ந்தன.

பழைய உலோகத்துக்கு ஏதோ தனி மாயம் உண்டு, பித்தளை வயதாக ஆகப் பாடும் என்று சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை. 1953 மே 15 அன்று டொரண்டோவின் மாஸி ஹாலில் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வாசித்தது கிராஃப்டன் என்ற ஆல்டோ. அதன் உடல் பிளாஸ்டிக். அந்த ஒலிப்பதிவைக் கேட்கும் எவருக்கும் அது பார்க்கர்தான் என்பதில் ஒரு நொடிகூட ஐயம் வராது. குழாயின் வடிவமும் வாசிப்பவரின் வாயும் சேர்ந்து ஒலியை உண்டாக்குகின்றன. சுவர் எதனால் ஆனது என்பதன் பங்கு மிகச் சிறிது. ஆகவே தங்க முலாம், வெள்ளி முலாம், லேக்கர் எனும் பளபளப்புப் பூச்சு என்ற பேச்சுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அழகுக்காகக் கொடுத்தால் அது வேறு.

படி 1: கடைக்குப் போகும் முன் காதைத் தயார் செய்யுங்கள்

உங்களுக்கு எந்தக் குரல் வேண்டும் என்று தெரியாமல் கருவியைத் தேடுவதில் பொருளில்லை. ஜாஸ் ஆல்டோ கலைஞர்களில் முதலில் ஜானி ஹாட்ஜஸைக் கேளுங்கள்: ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும்போதும் நாதம் மெலியாத அந்த வளம். பிறகு பால் டெஸ்மண்டைக் கேளுங்கள். காற்றும் ஒலியும் கலந்த, உலர்ந்த, இலேசான குரல். அவர் வாசித்தது செல்மர், மவுத்பீஸ் கிரிகோரி. கேனன்பால் ஆடர்லியின் கொழுத்த, சிரித்த முகமான ஒலி கிங் சூப்பர் 20 என்ற கருவியில் பிறந்தது. ஆர்ட் பெப்பர் மார்ட்டின் நிறுவனக் கருவியில் வாசித்த காலம் உண்டு. செவ்வியல் பக்கம் சிகுர்ட் ராஷர் புஷர் கருவியையும் பெரிய அறை மவுத்பீஸையும் இறுதிவரை விட்டுக்கொடுக்காதவர். அவருடைய உருண்ட ஒலியும், மார்சல் முயூல் வழிவந்த பிரெஞ்சுப் பள்ளியின் குவிந்த ஒலியும் இரு வேறு உலகங்கள்.

நல்ல ஹெட்ஃபோனில், மெதுவான பாடல்களாகத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். வேகமான வாசிப்பில் விரல்தான் கவனத்தை இழுக்கும். நீண்ட ஒரு ஸ்வரத்தில்தான் கருவியின் சுபாவம் தெரியும். அது எப்படித் தொடங்குகிறது, நடுவில் எவ்வளவு அகலமாகிறது, முடியும்போது எங்கே கரைகிறது என்று கவனியுங்கள். கமகத்தோடு வாசிக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: பழைய அமெரிக்கக் கருவிகளில் ஒவ்வொரு ஸ்வரமும் நவீனக் கருவிகளைப் போல இறுகப் பூட்டிக்கொள்வதில்லை. உதட்டின் சிறு அசைவுக்கே சுருதி வளைந்துகொடுக்கும். தடுமாறும் தொடக்கநிலை மாணவருக்கு அது இடைஞ்சல். காது தேறியவருக்கு வரம்.

படி 2: தயாரிப்பாளர்களைப் புரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள எல்க்ஹார்ட் என்ற சிறு நகரிலிருந்துதான் கான், புஷர், மார்ட்டின் ஆகிய மூன்று பெரும் பெயர்களும் வந்தன. 1920-களில் அமெரிக்காவைப் பிடித்தாட்டிய சாக்ஸபோன் மோகத்தில் இவை ஏராளமாக விற்றன. இன்றும் பழைய ஆல்டோக்கள் தாராளமாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

கான் நிறுவனத்தின் நியூ வொண்டர் வரிசையும், 1930-களின் நடுவில் வந்த 6எம் மாதிரியும் தேடத் தகுந்தவை. 6எம்-இன் பெல்லில், அதாவது விரிந்த வாய்ப்பகுதியில், செதுக்கப்பட்ட பெண்ணுருவம் பெயர்பெற்றது. துளைகளின் விளிம்பு வெளிப்புறமாகச் சுருட்டப்பட்டிருப்பது இவற்றின் அடையாளம். 1940-களின் பிற்பகுதியில் அந்த வழக்கம் நின்றது. கழுத்தின் முனையில் மைக்ரோட்யூனர் என்ற திருகும் சுருதிச் சரிப்படுத்தி இருக்கும். குரல் பெரியது, இருண்டது, உறுதியானது. பார்க்கர் தம் வாழ்வின் ஒரு பகுதியில் 6எம் வாசித்தார்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது புஷர். ட்ரூ டோன், பின்னர் அரிஸ்டோக்ராட், அதன்பின் 400 என்று இவற்றின் வரிசை நீள்கிறது. சுருதிச் சுத்தத்தில் 1920, 30-களின் அமெரிக்க ஆல்டோக்களில் இவற்றை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நாதம் இனிமையானது, முரட்டுத்தனம் இல்லாதது, மெதுவாக ஊதினாலும் உடையாதது. துளைகளை மூடும் மெத்தைகளான இவற்றின் பேடுகளை நடுவில் ஓர் உலோகப் பொத்தான் கவ்விப் பிடிக்கும், பசை வேண்டியதில்லை. பழுது பார்த்த சிலர் அந்தப் பொத்தான் உட்காரும் முளையை வெட்டிவிட்டு சாதாரண பேடுகளை ஒட்டியிருப்பார்கள். வாங்கும் முன் ஒரு விசைக்கிண்ணத்தின் உட்புறத்தைப் பாருங்கள். வெட்டியிருந்தால் கருவி கெட்டுவிடவில்லை. விலை குறைய வேண்டும், அவ்வளவுதான்.

மார்ட்டினில் துளைகளின் குழல்கள் தனியாகச் செய்து உடலின் மேல் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டவை. விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். ஹேண்ட்கிராஃப்ட், கமிட்டி என்ற பெயர்களில் கிடைக்கும். தொண்டை நிறைந்த, சற்றே கரகரப்பான வெப்பம் இதன் குரல். பல ஆண்டுகளில் பற்றவைப்பு அரித்துக் காற்று கசியலாம் என்பது ஒன்றே கவலை.

ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் இயங்கிய கிங் நிறுவனம் ஸெஃபிரையும், இரண்டாம் உலகப்போருக்குப் பின் சூப்பர் 20-ஐயும் தந்தது. சூப்பர் 20-இன் முதற்கட்டக் கருவிகளில் கழுத்து வெள்ளியால் ஆனது. சில்வர் சோனிக் வகையில் பெல்லும் வெள்ளி. முன்னால் சொன்ன மூன்றையும்விடத் துடிப்பான, முன்னே பாயும் ஒலி. ஸெஃபிர் அதே குடும்பத்தின் அடக்கமான உறுப்பினர், பணத்துக்கு நல்ல மதிப்பு.

பாரிஸின் செல்மர் 1930-களின் நடுவில் பேலன்ஸ்டு ஆக்‌ஷன் மாதிரியில் பெல்லின் விசைகளை வலப்புறம் நகர்த்தி, இன்றைய எல்லா சாக்ஸபோன்களின் கையமைப்புக்கும் வழிவகுத்தது. 1954-இல் வந்த மார்க் 6 அந்த வளர்ச்சியின் உச்சம். சிறந்த கருவி, மறுக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் கைவேலையாகச் செய்யப்பட்டதில் ஒன்று போல் மற்றொன்று இல்லை. வரிசை எண் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் உயர்வு, மேலே இருந்தால் தாழ்வு என்ற நம்பிக்கைக்கு ஒலியில் ஆதாரம் இல்லை. விலையில் மட்டும்தான் அது உண்மை. அதே பிரான்ஸின் பஃபே சூப்பர் டைனாக்‌ஷன் இதன் அருகில் நிற்கத் தகுந்தது, பேசப்படுவது குறைவு.

இன்னொரு வழியும் இருக்கிறது. இதே எல்க்ஹார்ட் ஆலைகள் கடைகளுக்காகவும் விநியோகஸ்தர்களுக்காகவும் வேறு பெயர் பொறித்து எளிய மாதிரிகளைச் செய்துகொடுத்தன. அறிமுகமில்லாத பெயர் கொண்ட கருவியில் சீவிய விளிம்புடன் பற்றவைத்த துளைகள் தெரிந்தால், அது மார்ட்டின் ஆலையிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றின் குரல் மூலக் கருவிக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமாக இருக்கும்.

படி 3: உடனே விலக்க வேண்டியவை

1920-கள் வரை இரண்டு சுருதி அளவுகளில் கருவிகள் செய்யப்பட்டன. தாழ்ந்த சுருதி என்றால் இன்றைய 440 ஹெர்ட்ஸ். உயர்ந்த சுருதி என்றால் ஏறக்குறைய 457. உயர்சுருதிக் கருவியின் குழாயே குட்டையானது. மவுத்பீஸை எவ்வளவு வெளியே இழுத்தாலும் ஸ்வரங்களுக்கு இடையிலான உறவு ஒழுங்குக்கு வராது. வரிசை எண்ணுக்கு அருகில் ‘எல்’ அல்லது ‘லோ பிட்ச்’ என்ற முத்திரை இருந்தால் வாங்கலாம். ‘எச்’ அல்லது ‘ஹை பிட்ச்’ என்றிருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அடுத்தது சி மெலடி. ஆல்டோவைவிடப் பெரியது, டெனரைவிடச் சிறியது. ஆல்டோ ஈ-ஃபிளாட்டில் ஒலிப்பது, இது சி-யில் ஒலிப்பது. தெரியாமல் ஆல்டோ என்று விற்பவர்கள் உண்டு. சுருதியைக் காட்டும் ட்யூனரை வைத்து, தாளில் சி என்று எழுதப்பட்ட ஸ்வரத்தை வாசியுங்கள். ஈ-ஃபிளாட் காட்டினால் ஆல்டோ.

படி 4: கண்ணாலும் கையாலும் பாருங்கள்

கழுத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அங்கே உள்ள குறை எல்லா ஸ்வரங்களையும் கெடுக்கும். மவுத்பீஸை அழுத்தி மாட்டும் பழக்கத்தால் கழுத்து கீழ்நோக்கி வளைந்திருக்கலாம். வளைவின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். புடைப்போ மடிப்போ தட்டுப்பட்டால், குழாய் வட்டம் இழந்து நீள்வட்டம் ஆகியிருக்கிறது. நல்ல வல்லுநரால் சரிசெய்ய முடியும், ஆனால் பேரம் பேச அது போதுமான காரணம். சில தயாரிப்பாளர்கள் உடலின் வரிசை எண்ணைக் கழுத்திலும் பொறித்தார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு கருவியின் கழுத்து மாட்டப்பட்ட ஆல்டோ சுருதியில் சேர்வது அரிது. கானில் மைக்ரோட்யூனரைத் திருகிப் பாருங்கள். துருவேறி இறுகியிருக்கும், அல்லது தளர்ந்து காற்றை விடும்.

பிறகு உடலை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். கீழே விழுந்த கருவியின் குழாய் வளைந்திருக்கும். விசைகளின் நீண்ட தண்டுகள் உரசுவதும் சிக்குவதும் அதற்கு அறிகுறி. ஒவ்வொரு விசையையும் இரு விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் தேய்மானம். சிறிது இருப்பது இயல்பு; எல்லாமே கலகலவென்று ஆடினால், விசைக்குழல்களை இறுக்கும் நுட்பமான வேலைக்குச் செலவு பிடிக்கும்.

கானில் சுருட்டிய விளிம்புகளைத் தனியாகக் கவனியுங்கள். மட்டம் இல்லாத விளிம்பை யாராவது அரத்தால் தேய்த்திருந்தால், சுருட்டலின் மேற்புறம் தட்டையாகத் தெரியும். அதிகம் தேய்த்தால் சுருட்டல் மெலிந்து பிளந்துவிடும். இது திரும்பப் பெற முடியாத சேதம்.

லேக்கர் உரிந்திருப்பது குறையல்ல. மாறாக, பளபளவென்று புதிதாகத் தெரியும் 1930-களின் கருவியைத்தான் நான் ஐயத்தோடு பார்ப்பேன். மறுபூச்சுக்கு முன் சக்கரத்தில் வைத்து மெருகிடும்போது உலோகம் தேய்கிறது. செதுக்குவேலையின் கோடுகள் மழுங்கியிருந்தாலும், வரிசை எண் பாதி அழிந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கிறது.

படி 5: வாசித்துச் சோதியுங்கள்

உங்கள் வழக்கமான மவுத்பீஸையும் ரீடையும் கொண்டுபோங்கள். விற்பவர் தரும் மவுத்பீஸில் கருவியை எடைபோட முடியாது.

நடு பி-யிலிருந்து தொடங்கி, மிக மெதுவான ஒலியில், விரல்களை அழுத்தாமல் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகக் கீழே இறங்குங்கள். எந்த ஸ்வரத்தில் ஒலி முதலில் நடுங்குகிறதோ அல்லது மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறதோ, அந்த இடத்திலோ அதற்கு மேலேயோ காற்று கசிகிறது. விரலை இறுக்கினால் மட்டும் சரியாகிறது என்றால் பேடு உட்காரவில்லை. அடி பி-ஃபிளாட்டை மெல்லிய ஒலியில் தொடங்க முடிகிற பழைய ஆல்டோ நல்ல நிலையில் இருக்கிறது.

அடுத்து, அடி டி-யைப் பிடித்துக்கொண்டு இடது சுண்டுவிரலால் ஜி-ஷார்ப் விசையை அழுத்துங்கள். ஒலி மாறக் கூடாது. மாறினால், வலக்கை விசைகள் ஜி-ஷார்ப் மூடியைச் சரியாகப் பிடித்து வைக்கவில்லை. இது சிறு திருகு வேலைதான். மேல் ஜி-யை ஸ்தாயி விசையோடு பிடித்து, கழுத்தின் மேலுள்ள சிறு மூடி மூடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஏ-க்கு மாறியதும் அது திறக்க வேண்டும், உடலிலுள்ளது மூட வேண்டும். இந்த மாற்றம் தயங்கினால் மேல் ஸ்தாயி முழுவதும் தடுமாறும்.

சுருதியைச் சோதிக்கும்போது நியாயமாக இருங்கள். விரல் எதையும் வைக்காத சி-ஷார்ப் சற்றுத் தாழ்வதும், ஸ்தாயி விசையோடு வரும் நடு டி சற்று ஏறி அடைத்தாற்போல ஒலிப்பதும் சாக்ஸபோன் குலத்துக்கே உரியவை. ட்யூனர் முள்ளைப் பார்த்து வாசிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஸ்வரத்தை நிலைநிறுத்தி, பிறகு முள்ளைப் பாருங்கள்.

கையமைப்பையும் பாருங்கள். 1920-களின் கருவிகளில் இடது சுண்டுவிரல் விசைகள் இறுக்கமானவை, சிறியவை. அடி பி-யும் பி-ஃபிளாட்டும் பெல்லின் இரு பக்கமும் பிரிந்திருக்கும் அமைப்பும் உண்டு. சிறிய கை உள்ளவர்கள் பத்து நிமிடமாவது நின்றுகொண்டு வாசித்துப் பார்க்க வேண்டும்.

படி 6: மவுத்பீஸ்தான் பாதி வேலை

பழைய ஆல்டோ சுருதி சேராது என்ற புகாரில் பெரும்பகுதி மவுத்பீஸின் மேல் விழ வேண்டியது. சாக்ஸபோனின் கூம்பு அதன் நுனிவரை போவதில்லை. நுனி வெட்டப்பட்ட இடத்தில் மவுத்பீஸ் மாட்டுகிறோம். வெட்டப்பட்ட நுனியின் கொள்ளளவை மவுத்பீஸின் உள்ளறை ஈடுசெய்ய வேண்டும். பெரிய அறைக்காக அளவெடுத்த புஷரில், குறுகிய அறையும் உயர்ந்த உட்தளமும் கொண்ட நவீன மவுத்பீஸை மாட்டினால் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். கூடவே, எந்தக் குரலுக்காக அதை வாங்கினீர்களோ அதுவும் காணாமல் போகும்.

முதலில் மவுத்பீஸை மட்டும் ஊதுங்கள். ஆல்டோவுக்கு ஏ ஸ்வரம், அதாவது 880 ஹெர்ட்ஸ் அருகில், வந்தால் உதடு சரியான இறுக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேலே போனால் கடிக்கிறீர்கள். பிறகு கருவியில் மாட்டி, நடு பி-யைச் சாதாரண விரலமைப்பில் வாசியுங்கள். உடனே அடி பி-யின் விரலமைப்பில் மேல் ஸ்தாயியை மட்டும் எழுப்பி அதே பி-யைக் கொண்டுவாருங்கள். சாதாரண விரலமைப்பின் ஸ்வரம் தாழ்ந்திருந்தால் மவுத்பீஸை உள்ளே தள்ளுங்கள், உயர்ந்திருந்தால் வெளியே இழுங்கள். இரண்டும் ஒன்றுபடும் இடம்தான் கருவி விரும்பும் இடம். அந்த இடத்தில் ஒட்டுமொத்தச் சுருதி 440-இலிருந்து வெகுவாக விலகினால், அந்த மவுத்பீஸ் இந்தக் கருவிக்குச் சொந்தமில்லை.

கான், புஷர், மார்ட்டின் மூன்றுக்கும் உருண்ட பெரிய அறை நல்ல தொடக்கம். ஜாஸ் வாசிப்பவர்களுக்கு மேயர் 5 என்ற மவுத்பீஸ் நடுவழி; கிங்குக்கும் செல்மருக்கும் அது மிக நன்றாகப் பொருந்தும். ரீடின் கடின எண் இரண்டரையிலிருந்து மூன்றுக்குள் போதும்.

படி 7: மீட்டெடுத்தல்

பேடுகள் பழையதாக இருந்தால் ஒன்றிரண்டை மாற்றி ஒப்பேற்றாதீர்கள். முழுவதையும் மாற்றி, கார்க்கும் ஃபெல்ட்டும் புதுப்பித்து, துளைகளின் மட்டத்தைச் சரிபார்ப்பதே சிக்கனம். இதன் செலவு சில சமயம் கருவியின் விலையையே தாண்டும். வாங்கும் முன்பே அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வல்லுநரிடம் மூன்று விஷயங்களைப் பேசுங்கள். பேடின் நடுவிலுள்ள தகடு பெரிய உலோக வட்டமாக இருந்தால் ஒலி ஒளிரும், சிறிய ஆணித்தலையாக இருந்தால் மென்மையாகும். பழைய குரல் வேண்டும் என்பவர்கள் அளவான தகட்டோடு நிற்கலாம். விசைகள் திறக்கும் உயரம் அடுத்தது. மிகத் தாழ்வாக வைத்தால் ஒலி அடைபட்டுச் சுருதியும் இறங்கும். பலர் இதைப் பழைய கருவிக்கே உரிய குறை என்று எண்ணிவிடுகிறார்கள். மூன்றாவது, மறுபூச்சு வேண்டவே வேண்டாம் என்பது. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை முடிந்து வந்த கருவியைச் சில வாரங்கள் வாசித்தபின் மீண்டும் ஒருமுறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். புதிய பேடுகள் அமர்ந்து, ஃபெல்ட் அழுந்தி, சிறு கசிவுகள் தோன்றும் காலம் அது.

படி 8: பழகுதல்

நவீனக் கருவியிலிருந்து வருபவர்கள் முதலில் கொஞ்சம் ஏமாற்றம் அடைவார்கள். ஒலி காதருகே பாயாது. அறைக்குள் பரவிச் செல்லும். வாசிப்பவரைவிட எதிரே அமர்ந்திருப்பவர் அதை நன்றாகக் கேட்பார். எனவே பதிவுசெய்து, சற்றுத் தொலைவில் வைத்த மைக் சொல்வதை நம்புங்கள்.

நாள்தோறும் நீண்ட ஸ்வரங்களை மெல்லிய ஒலியில் தொடங்கி உரத்துப் போய்த் திரும்பி வாருங்கள். அடி பி-ஃபிளாட் விரலமைப்பை மாற்றாமல் மேல் ஒலிகளை (ஓவர்டோன்களை) ஒவ்வொன்றாக எழுப்பும் பயிற்சியைக் கூடவே செய்யுங்கள். கடித்துப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கருவி உடனே காட்டிக்கொடுக்கும்: மேல் ஸ்வரங்கள் மெலியும், சுருதி ஏறும். தாடையைத் தளர்த்தி, காற்றைச் சூடாகவும் தொடர்ச்சியாகவும் அனுப்பினால் ஒலி தானாக விரியும்.

வாசித்து முடித்ததும் கழுத்தையும் உடலையும் துணியால் உட்புறம் துடையுங்கள். ஜி-ஷார்ப், அடி சி-ஷார்ப் மூடிகள் ஒட்டிக்கொள்ளும் இயல்புள்ளவை. மெல்லிய தாளை இடையில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள். கழுத்தை மாட்டும்போது திருகை முழுவதும் தளர்த்தி, வளைவைப் பிடித்து அழுத்தாமல் அடிப்பகுதியைப் பிடித்து நுழைத்துவிடுங்கள்.